அத்தியாயம் 7: நடையை அளப்பது ட்ரெட்மில்லிலா, தரையிலா?

வயதானவர்களில் யார் விழக்கூடும் என்பதை அவர்கள் விழுவதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு கதிரை, ஓர் அளவு நாடா, ஒரு கைத்தொலைபேசி, கூட நிற்க இன்னொரு ஆள் இருந்தால் போதும். முதியோர் சங்கம் நடத்துபவர், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவர், தோட்டப் பாடசாலை ஆசிரியர், பேராதனையில் இயன்மருத்துவம் படித்துவிட்டு விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருக்கும் பிள்ளை என யாரும் இதைச் செய்யலாம். நோய் என்ன என்று சொல்வது வைத்தியரின் வேலை. யாரை முதலில் வைத்தியரிடம் அனுப்புவது, எந்தப் படிக்கட்டை முதலில் திருத்துவது என்று முடிவுசெய்ய இந்த அத்தியாயம் உதவும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் வரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். இதற்கு மேல் புள்ளிவிவரம் நமக்குத் தேவையில்லை. வேலைக்கு வருவோம்.

## இயந்திரமா, தரையா?

ட்ரெட்மில் பற்றிய கேள்வி எப்போதும் முதலில் வரும். பெரிய இடங்களில் அதில் ஏற்றித்தான் அளக்கிறார்களாம், நாமும் ஹற்றன் டவுனில் ஒரு ஜிம்மைக் கேட்டுப் பார்ப்போமா என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். காசு மட்டும் காரணம் இல்லை.

ட்ரெட்மில்லில் வேகத்தைப் பட்டி முடிவுசெய்கிறது. நடப்பவர் அதற்கு ஈடுகொடுக்கிறார், அவ்வளவுதான். தரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடியும் கொஞ்சம் முன்பின்னாக விழும். இந்த ஏற்ற இறக்கம் அதிகமாக இருப்பவர்கள் பின்னர் அதிகம் விழுகிறார்கள் என்று ஜெஃப்ரி ஹவுஸ்டோர்ஃப் குழுவினர் முதியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2001இல் காட்டினார்கள். ட்ரெட்மில்லில் ஏறியதும் அந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடுவதை அதே ஆண்டில் ஜொனதன் டிங்வெல் குழுவினர் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாம் தேடும் அறிகுறியையே இயந்திரம் மறைத்துவிடுகிறது.

பழக்கமில்லாத முதியவர் பட்டியில் ஏறியதும் அடியைக் குறுக்கிக்கொண்டு வேகவேகமாக எட்டு வைப்பார். கைப்பிடியை இறுகப் பிடிப்பார். பிடித்த பிறகு நீங்கள் அளப்பது அவருடைய சமநிலையை இல்லை. கால் நடந்துகொண்டே இருக்க, எதிரே உள்ள சுவர் நகராமல் நிற்பதில் கண்ணும் குழம்பும். கொஞ்ச நேரம் பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். இளைஞர்களுக்கு அது உண்மை. ஐந்தாறு நிமிடம் போதும். ஆனால் 2005இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நோயற்ற முதியவர்கள் 15 நிமிடம் நடந்த பிறகும் அவர்களுடைய நடை தரை நடையோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: ஆட்கள் விழுவது பெரும்பாலும் எழும்போது, திரும்பும்போது, இஸ்தோப்பிலிருந்து கால் இறக்கும்போது. பட்டியில் இதில் எதுவுமே நடக்காது.

இந்த இயந்திரத்தின் பாட்டன், 1818இல் வில்லியம் கபிட் என்ற பொறியியலாளர் இங்கிலாந்தில் சிறைக் கைதிகளுக்காக அமைத்த மிதிசக்கரம். அப்பாயி அதில் ஏறப் பயந்தால் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ட்ரெட்மில்லால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. உடம்பைத் தாங்கும் பட்டை கட்டி, பட்டியைத் திடீரென இழுத்து, தடுமாறினால் மீள்வது எப்படி என்று பழக்குவதற்கு ஆய்வுகூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள், பலனும் கண்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான அடிகளைச் சின்ன இடத்தில் பதிவுசெய்யவும் அது வசதி. மாணவர்களுக்காக அதைப் பற்றி அத்தியாயத்தின் பிற்பகுதியில் தனியாகச் சொல்கிறேன். தோட்டத்தில் நீங்கள் செய்யப்போகும் சோதனைக்குத் தரைதான்.

## யாரை நடக்கவிடலாம், யாரை வேண்டாம்

முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். 2022இல் வெளியான உலக விழுதல் வழிகாட்டுதல்களும் இந்த மூன்றைத்தான் சொல்கின்றன.

1. போன ஒரு வருசத்தில் விழுந்தீங்களா?
2. நிக்கும்போதோ நடக்கும்போதோ ஆட்டம் காணுதா?
3. விழுந்துருவோமோன்னு பயம் இருக்கா?

முதல் கேள்விக்கு உடனே "இல்லை" என்ற பதில்தான் வரும். மலையில் வழுக்கி உட்கார்ந்ததை யாரும் விழுந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே, "கொழுந்து மலையில, படியில, பீலிக்கரையில எங்கயாச்சும் கால் வழுக்கி உக்காந்தீங்களா அப்பாயி?" என்று இடம் சொல்லிக் கேளுங்கள். மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். விழுந்தது தெரிந்தால் கோயிலுக்கும் கடைக்கும் போகவிடமாட்டார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு.

மூன்றில் ஒன்றுக்கு "ஆமா" வந்தாலும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவர்களை மட்டும் அன்றைக்கு நடக்கவிட வேண்டாம்:

- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல் உள்ளவர்
- அண்மையில் மயங்கி விழுந்தவர்
- கால் எலும்பு முறிந்து இன்னும் ஆறாதவர், விழுந்த பிறகு இடுப்பு வலியோடு நொண்டுபவர்
- திடீரென ஒரு பக்கம் கை கால் பலமிழந்தவர், வாய் கோணியவர், பேச்சுக் குழறுபவர்

கடைசியில் சொன்னது பாரிசவாதமாக இருக்கலாம். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விழுந்து தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

## இடமும் சாமானும்

மலைநாட்டில் மட்டமான பத்து மீற்றர் கிடைப்பதுதான் முதல் சிரமம். பெரட்டுக் களம் அகலமாக இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போட்டிருப்பார்கள், சரளைக் கல்லும் இருக்கும். பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம், பிள்ளைக் காம்பராவின் உள் தரை ஆகியவை நல்லவை. பிள்ளைகளின் மாபிள் ஒன்றைத் தரையில் வையுங்கள். தானாக உருண்டால் அந்த இடம் வேண்டாம்.

கதிரை: கைப்பிடி உள்ளது, இருக்கை உயரம் சுமார் 46 சென்ரிமீற்றர். பிளாஸ்டிக் கதிரை என்றால் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். எழும்போது அது வளையும், பின்னால் நழுவும். சோதனையின் போதே ஆள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். தாழ்ந்த வாங்கில் உட்கார வைத்து எடுத்த நேரத்தை எந்த அளவோடும் ஒப்பிட முடியாது.

குறி: சோக்குக் கட்டி மழை ஈரத்தில் அழிந்துவிடும். நிற ஒட்டு நாடா நல்லது. தரையோடு முழுதாக ஒட்டுங்கள், ஓரம் தூக்கியிருந்தால் கால் தடுக்கும்.

செருப்பு: தினமும் போடுவதே. தேய்ந்த பாட்டாவோடு வந்தால் பாட்டாவோடுதான் நடக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொல்லுடன் நடப்பவர் பொல்லுடனேயே நடக்கட்டும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு.

நேரம்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலை ஏழு மணிக்கு விறைத்த மூட்டோடு எடுத்த அளவும் பதினொரு மணிக்கு எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. பத்து மணிக்குப் பிறகு வையுங்கள். இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர் என்றால் வேலையில்லாத நாளில் வைப்பது நல்லது. நாள் முழுக்கக் கூடை சுமந்து இறங்கியவரின் களைப்பை அளப்பது வேறு ஆய்வு.

கூட நிற்பவர்: இவர் இல்லாமல் தொடங்க வேண்டாம். நேரம் பார்ப்பவர் ஆளைப் பிடிக்க முடியாது, பிடிப்பவர் நேரம் பார்க்க முடியாது.

## சோதனை

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். களைப்புத் தரும் கட்டங்கள் கடைசியில் வருகின்றன.

### முதற் கட்டம்: படுத்தும் நின்றும் பிரஷர்

தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டால் பிரஷர் கருவி கிடைக்கும். அளக்கத் தெரிந்தவரே அளக்கட்டும்.

1. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளக்கவும்.
2. எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை அளக்கவும். கூட நிற்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.
3. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் குறித்துக்கொள்ளவும்.

இறங்கியவரின் பிரச்சினை காலில் இல்லாமல் இருக்கலாம். பிரஷர் மாத்திரையோ, தண்ணீர் போதாமையோ காரணமாக இருக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அளவை எழுதிக் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்புங்கள். நிற்கும்போது தலை சுற்றினால் மற்றக் கட்டங்களை அன்று செய்ய வேண்டாம்.

### இரண்டாம் கட்டம்: நான்கு நிலையில் நிற்றல்

கண் திறந்தபடி, பொல்லில்லாமல், ஒவ்வொரு நிலையிலும் 10 செக்கன்.

1. இரண்டு பாதமும் ஒட்டி.
2. ஒரு பாதத்தின் உட்பக்கம் மற்றப் பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி அரையடி முன்னே.
3. ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொட, ஒரே கோட்டில்.
4. ஒற்றைக் காலில்.

கை விரிக்கலாம், உடம்பு ஆடலாம். பாதம் நகரக் கூடாது. ஒரு நிலையில் 10 செக்கன் நிற்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவது நிலையில் 10 செக்கன் நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் அதிகம். ஒவ்வொரு நிலைக்கும் நீங்களே முதலில் நின்று காட்டுங்கள், சொல்லால் விளக்கினால் புரியாது. சுவர் மூலையில் நிற்க வைத்தால் இரண்டு பக்கம் காவல் ஆயிற்று.

### மூன்றாம் கட்டம்: நான்கு மீற்றர் நடை

1. தரையில் 4 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போடவும். முதற் கோட்டுக்கு 2 மீற்றர் பின்னாலும் இரண்டாம் கோட்டுக்கு 2 மீற்றர் தாண்டியும் வெற்றிடம் வேண்டும். ஆள் தொடங்குவதும் நிற்பதும் இந்த வெற்றிடங்களில்.
2. "தாத்தா, கடைக்குப் போற மாதிரி சாதாரணமா நடங்க. அந்தக் கதவு வரைக்கும் நிக்காம போங்க" என்று சொல்லவும். இரண்டாம் கோட்டைக் காட்டக் கூடாது. காட்டினால் கோட்டுக்கு முன்பே நடை தளரும்.
3. முதற் கோட்டைப் பாதம் தாண்டும்போது கைத்தொலைபேசியில் நேரத்தைத் தொடங்கி, இரண்டாம் கோட்டைத் தாண்டும்போது நிறுத்தவும்.
4. இரண்டு முறை எடுக்கவும். நான்கைச் செக்கனால் வகுத்தால் வேகம்.

ஐந்து செக்கன் எடுத்தால் வேகம் 0.8. அந்த அளவோ அதற்குக் குறைவோ என்றால் அபாயப் பட்டியலில் சேருங்கள். கணக்கு வராதவர்கள் "அஞ்சு செக்கன்" என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கூட நிற்பவர் பக்கத்தில், அரையடி பின்னால் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் முதியவர் அவருடைய வேகத்துக்கு நடப்பார். ட்ரெட்மில்லில் எந்தப் பிழைக்காக வேண்டாம் என்றோமோ, அதையே தரையில் நாம் செய்ததாக ஆகும்.

### நான்காம் கட்டம்: எழுந்து, நடந்து, திரும்பி, உட்கார்தல்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 1991இல் கனடாவில் பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் நேரத்தோடு சேர்த்து வடிவமைத்த இந்தச் சோதனையை இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். எழுதல், நடத்தல், திரும்பல், உட்கார்தல் என்று விழும் தருணங்கள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடுகின்றன.

1. கதிரையின் முன்பக்கத்திலிருந்து 3 மீற்றர் தூரத்தில் கோடு.
2. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்கார வைக்கவும்.
3. "நான் போங்கன்னு சொன்னதும் எந்திரிச்சு, அந்தக் கோடு வரைக்கும் எப்பவும் போல நடந்து, திரும்பி வந்து உக்காருங்க." நீங்கள் ஒருமுறை செய்து காட்டவும். அவரும் ஒருமுறை நேரமில்லாமல் செய்து பார்க்கட்டும்.
4. "போங்க" என்றதும் நேரம் தொடங்கும். மறுபடி கதிரையில் உட்கார்ந்ததும் முடியும்.

12 செக்கனோ அதற்கு மேலோ என்றால் கவனம் தேவை. 15ஐத் தாண்டினால் கிளினிக்குக்கு அனுப்பவும். கையால் ஊன்றி எழுந்தால் அனுமதியுங்கள், ஆனால் எழுதிவையுங்கள்.

செக்கனை விட அதிகம் சொல்வது பார்வை. நேரம் பார்ப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் மூன்றாவது ஆள் ஒருவர் இதை எழுத வேண்டும், அல்லது சம்மதம் வாங்கிப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்க வேண்டும். எழுந்ததும் நடக்கத் தொடங்காமல் தயங்கி நின்றாரா? திரும்பும்போது இரண்டு மூன்று எட்டில் திரும்பினாரா, ஏழெட்டுச் சின்ன எட்டா? பாதம் தரையிலிருந்து எழும்புகிறதா, தேய்ந்துகொண்டு போகிறதா? ஒரு கை வீசாமல் இருக்கிறதா? கதிரை காலில் படுமுன்பே பின்பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தாரா? 11 செக்கனில் முடித்துவிட்டுக் கதிரையைத் தவறவிடப் பார்த்தவர், 14 செக்கனில் நிதானமாக முடித்தவரை விட எனக்கு அதிகக் கவலை தருவார்.

### ஐந்தாம் கட்டம்: பேசிக்கொண்டே நடத்தல்

பக்கத்தில் நடந்தபடி பேச்சுக் கொடுங்கள். "ஆமாம், இல்லை" என்று முடியும் கேள்வி வேண்டாம். "அந்தக் காலத்துல காமன் கூத்துக்கு யாரு ரதி வேசம் போட்டா?" என்பது போல யோசித்துச் சொல்ல வேண்டியதைக் கேளுங்கள். பேசுவதற்காக நடையை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். பேசத் தொடங்கியதும் நின்றுவிடுபவர்கள் பின்னர் அதிகம் விழுந்ததை 1997இல் சுவீடனில் கவனித்து எழுதினார்கள். காது மந்தமானவர் கேள்வி கேட்கவில்லை என்பதற்காக நிற்பதும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## சோதனை முடிந்ததும் பாதைக்கு வாருங்கள்

மட்டத் தரையில் எடுத்த அளவு ஆளைப் பற்றிச் சொல்லும். விழுவதற்கு ஓர் இடமும் வேண்டுமே. இங்கே மட்டத் தரை மண்டபத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே, அபாயப் பட்டியலில் வந்தவரோடு அவர் தினமும் போகும் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். காம்பராவிலிருந்து மலசலகூடம், பீலிக்கரை, கடை, பஸ் நிற்கும் ரோடு.

சரிவில் நேரம் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன 5, 12, 15 எல்லாம் மட்டத் தரைக்கான எண்கள். ஏற்றத்தில் எடுத்தால் ஊரே அபாயப் பட்டியலில் வந்துவிடும். இடங்களை மட்டும் குறியுங்கள்.

1. இறங்கும்போது நீங்கள் ஒரு படி கீழே, பக்கவாட்டில் நில்லுங்கள். ஏறும்போது ஒரு படி கீழே, பின்னால் சற்றுப் பக்கவாட்டில். நேர் கீழே நின்றால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள்.
2. அவரை முந்தாமல், எங்கே எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். தேயிலைச் செடியை, சுவரை, தகரத்தை. கை தேடிப் போகும் ஒவ்வோர் இடமும் கைப்பிடி வேண்டிய இடம்.
3. எங்கே நிற்கிறார், எதற்காக? மழைக்காலத்தில் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கச் சரிவில் குனிவது கொஞ்சமும் கண்டுகொள்ளப்படாத ஆபத்து. குனியாமல் உட்கார்ந்து எடுக்க ஒரு கல் போட்டு வைக்கலாம்.
4. இருட்டிய பிறகு அதே பாதையை நீங்கள் மட்டும் நடந்து பாருங்கள். பகலில் தெரியாதது தெரியும்.

பழைய லயங்களில் ஒரே மாதிரியான இடங்கள் திரும்பத் திரும்ப வரும். இஸ்தோப்பு விளிம்பிலிருந்து கானுக்கு நேராக இறங்கும் உயரம், கானைத் தாண்டப் போட்ட ஆடும் பலகை, பாசி பிடித்த சீமெந்துப் படி, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் வெட்டிய மண்படி, விளக்கில்லாத மலசலகூடப் பாதை, வாசலில் விரித்த சாக்கு. தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹற்றன், மஸ்கெலியா பக்கம் விடாமல் பெய்யும்போது பாசி தேய்த்த ஒரு வாரத்தில் திரும்ப வரும். தேய்ப்பதை முறை போட்டுச் செய்ய வேண்டும்.

உங்கள் கையால் முடிபவை: படி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, கம்பியால் பாசி சுரண்டல், சாக்கை எடுத்துவிடல், கட்டிலருகே டோர்ச், தேய்ந்த பாட்டாவுக்குப் பதில் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு. மூங்கில் கைப்பிடி கட்டினால் ஆள் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்த்த பிறகுதான் பயன்படுத்த விட வேண்டும். பிடித்ததும் பிடுங்கிக்கொண்டு வரும் கைப்பிடி, கைப்பிடி இல்லாததை விட மோசம்.

சீமெந்து வேலை, விளக்கு, கான் மூடி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கடிதத்தில் இடத்தை எழுதுங்கள், ஆளின் பெயரை எழுதாதீர்கள். "7ஆம் லயத்துக் கோடிப் படி, மூன்றாவது கல் ஆடுகிறது" என்றால் வேலை நடக்க வாய்ப்பு உண்டு. இன்னார் விழும் நிலையில் இருக்கிறார் என்று எழுதினால், அவர் இன்னும் மலைக்கு வேலைக்குப் போகிறவராக இருந்தால், பேர் போடும் இடத்தில் அவருக்குச் சிக்கல் வரலாம்.

## அடிக்கடி நடக்கும் பிழைகள்

"வேகமா நடங்க பாட்டி, சூப்பர்!" என்று உற்சாகப்படுத்துவது முதற் பிழை. கூடி நிற்பவர்கள் கைதட்டினாலே நடை மாறும். சோதனையைச் சிரமதானம் போலக் கூட்டமாக நடத்தாதீர்கள். ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே தேநீரோடு.

கை பிடித்துக்கொண்டு நடத்துவது இரண்டாவது. அன்பால் செய்வோம், அளவு பாழாகும். கூட நிற்பவரின் கை இடுப்புக்குப் பக்கத்தில் தொடாமல் இருக்க வேண்டும். பிடிக்க வேண்டி வந்தால் சேலையையோ கையையோ பிடித்து இழுக்காமல் இடுப்பைத் தாங்கி மெதுவாகக் கதிரையிலோ தரையிலோ உட்கார வையுங்கள்.

கோட்டின் தூரத்தை அடியால் அளப்பது, வேறு வேறு கதிரை பாவிப்பது, ஈரத் தரை காயுமுன் தொடங்குவது ஆகியவையும் உண்டு. ஒரே ஒரு சோதனையில் தேறியதால் "உங்களுக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லி அனுப்புவது இவை எல்லாவற்றிலும் பெரிய பிழை. போன வருடம் இரண்டு முறை விழுந்தவர் 9 செக்கனில் நடந்து காட்டினாலும் அபாயப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

## ட்ரெட்மில்லையும் தரையையும் ஒப்பிட விரும்பும் மாணவருக்கு

பல்கலைக்கழக ஆய்வாகச் செய்வதென்றால் முதலில் உங்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி. சம்மதப் படிவம் தமிழில், வாசித்துக் காட்டக்கூடிய தமிழில். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி, ஆளின் சம்மதம் தனி. துரை சரி என்றதால் பாட்டி சரி என்றதாக ஆகாது.

1. ஒரே ஆட்களை இரண்டிலும் நடக்கவிடுங்கள். எது முதலில் என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். ஆனால் தரையில் அவருடைய வசதியான வேகத்தை முன்கூட்டியே ஒரு நாள் அளந்து வைத்திருக்க வேண்டும்.
2. அந்த வேகத்தை 3.6 ஆல் பெருக்கினால் இயந்திரத்தில் போட வேண்டிய மணிக்குக் கிலோமீற்றர் வரும். 0.8 என்றால் ஏறத்தாழ 2.9.
3. இயந்திரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பட்டியில் ஒரு குறி போட்டு, அதன் முழுச் சுற்று நீளத்தை அளந்து, ஆள் ஒருவர் மேலே நடக்க 20 சுற்றுக்கு எடுத்த நேரத்தைப் பாருங்கள். நீளத்தை 20 ஆல் பெருக்கி நேரத்தால் வகுத்தால் உண்மையான வேகம்.
4. ஆளைத் தாங்கும் பட்டை இல்லாமல் முதியவரை ஏற்றாதீர்கள். நிறுத்தச் சாவியின் கயிறு அவர் உடையில் மாட்டியிருக்க வேண்டும். காற்றும் மழையும் உள்ள நாளில் மின்சாரம் போவது இங்கே சாதாரணம். ஓடும் பட்டி திடீரென நின்றால் ஆள் முன்பக்கமாக விழுவார். மழை நாளில் வேண்டாம்.
5. பட்டி நின்றபின் ஏறி, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டவும். பழகுவதற்கு வேறொரு நாளில் தனி அமர்வு வையுங்கள்.
6. கைப்பிடியைப் பிடித்த நிமிடங்களைத் தனியாகக் குறித்து, பிடிக்காதவற்றோடு கலக்காமல் வைக்கவும்.
7. இறங்கியதும் தரை நகர்வது போல இருக்கும். இரண்டு நிமிடம் உட்கார வைத்த பிறகே எழுப்பவும்.

அடிக்கு அடி வரும் ஏற்ற இறக்கத்தை நான்கு மீற்றர் நடையிலிருந்து கணக்கிட முடியாது. அதற்குப் பல டசின் அடிகள் வேண்டும். நீண்ட மண்டபத்தில் இடுப்பில் கட்டிய அசைவுமானியோடு நிற்காமல் நடக்க வையுங்கள். திரும்பும் அடிகளை வெட்டிவிடவும்.

## எண்கள் கையில் வந்த பிறகு

அபாயப் பட்டியலில் வந்தவரை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்பும்போது ஒரு துண்டுக் கடுதாசி கொடுங்கள்: எத்தனை முறை விழுந்தார், படுத்தும் நின்றும் பிரஷர், நான்கு மீற்றர் செக்கன், எழுந்து நடந்த செக்கன், எடுக்கும் மாத்திரைகள். கண் பார்வையையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். சும்மா "தலை சுத்துது" என்று போய் நிற்பவரை விட இந்தக் கடுதாசியோடு போகிறவரை வைத்தியர் விரைவாகப் புரிந்துகொள்வார்.

மற்றவர்களுக்கு உடற்பயிற்சி. சமநிலையைச் சோதிக்கும் பயிற்சி விழுதலை ஏறத்தாழ 24 சதவீதம் குறைக்கிறது என்று 2019இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது செய்பவர்களுக்குப் பலன் அதிகம். சமையல் மேடையை அல்லது ஜன்னல் கட்டையைக் கையால் பிடித்தபடி:

1. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்தல், பத்து முறை.
2. குதிகாலைத் தூக்கி நிற்றல், பத்து முறை.
3. நான்கு நிலை நிற்றலில் எந்த நிலையில் தவறினாரோ அதற்கு முந்திய நிலையில் 10 செக்கன், பல முறை.
4. பக்கவாட்டில் எட்டு வைத்து மேடையின் நீளத்துக்கு நடத்தல்.

எளிதாகிவிட்டால் இரண்டு கையிலிருந்து ஒரு கை, ஒரு கையிலிருந்து இரண்டு விரல் என்று பிடியைக் குறைக்கவும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்த வேண்டும்.

"நான்தான் தினமும் மலை ஏறி இறங்குறேனே, எதுக்கு இதெல்லாம்" என்பார்கள். மலை ஏறுவது நெஞ்சுக்கும் தொடைக்கும் நல்லது. ஒற்றைக் காலில் நிற்கும் பலத்தை அது தானாகக் கொடுத்துவிடாது. நான்கு நிலை நிற்றலை அவர்களையே செய்து பார்க்கச் சொல்லுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அதே மண்டபம், அதே கதிரை, அதே நேரம், அதே வகைச் செருப்பு. நடை வேகத்தில் 0.1 மாறினால் அது உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது நான்கு மீற்றரை 5 செக்கனில் நடந்தவர் 5.7 ஆகியிருந்தால் தளர்ந்திருக்கிறார். அதைவிடச் சின்ன வித்தியாசம் நேரம் பார்த்த விரலின் தாமதமாகவும் இருக்கலாம். தளர்ந்தவரிடம் பயிற்சி செய்தாரா என்று கேட்பதற்கு முன், இடையில் விழுந்தாரா, புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினார்களா என்று கேளுங்கள்.